நாலரை மில்லி குறைந்த இலை

ஜெபிஷாவுக்குத் திருவேங்கடத்தைக் கண்டாலே ஆகாது. திருவேங்கடத்துக்கு அவளுடைய செருப்புச் சத்தமே ஆகாது. அம்பத்தூர் பட்டறையில் ஆறு வருடமாக இருவரும் ஒரே கூரைக்குக் கீழே முறைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

தினமும் அண்ணனூரிலிருந்து ரயிலில் வருகிறவள் அவள். பாலிடெக்னிக் படித்து, ஒரு கம்பெனியில் மோட்டார் உதிரிபாகங்கள் வரைந்து, அது மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். சிலையையும் விளக்கையும் கம்ப்யூட்டரில் வரைவாள். 3டி பிரிண்டர் அதைப் பிளாஸ்டிக் அச்சாக்கித் தரும். அந்த அச்சை மண்ணில் பதித்துப் பித்தளை ஊற்றுவது திருவேங்கடம். ஊற்றியது நன்றாக வந்தால் அவர் கைராசி, ஓட்டை விழுந்தால் அவள் கம்ப்யூட்டர். இதுதான் அவர் நியாயம். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் ஊற்றிக் கோணிப்போன யானை ஒன்றை இரண்டு மாதம் தன் மேசைமேலேயே வைத்திருந்தாள், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்று.

அவள் வரைந்ததில் நன்றாக விற்றது பூவரச இலை விளக்கு. வாசல் மரத்து இலையை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, நரம்பு நரம்பாகச் சீர்செய்து, சுவரில் மாட்டுகிற மாதிரி பண்ணியது. அதே விளக்கை ஒரு திங்கட்கிழமை முதலாளி ஜானகிராமன் கொண்டுவந்து அவள் மேசையில் தொப்பென்று போட்டார். வானகரத்துக் கடையில் பாதி விலைக்கு வாங்கியதாம். இவர்கள் ஊற்றியது இல்லை. ஒரு நரம்புகூட மாறாத நகல்.

“ஃபைல் உன்கிட்டதானேம்மா இருக்கு? யாருக்குக் குடுத்தே?”

திருவேங்கடம் நகலைக் கையில் வாங்கிப் புரட்டினார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். கீழே வைத்தார்.

“நான் அப்பவே சொன்னேன் மொதலாளி. மண்ணுல வேலை செய்றவன் இன்னாத்த தூக்கிகினு போவான்? பொட்டிக்குள்ள கீறதுதான் பென்டிரைவ் குச்சில ஏறி வெளிய பூடும்.”

பதினான்கு பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் உண்மையை ஒப்புக்கொள், இல்லாவிட்டால் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பு என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி. பட்டறைக்குப் பட்டறை பேச்சுப் பரவுகிற ஊர் இது. திருட்டுப் பட்டம் வாங்கினவளை எவன் உள்ளே சேர்ப்பான்?

கழிவறையில் போய் அழுதாள். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். திரும்பி வந்து, விட்டெறிகிற வேகத்தில் அந்த நகலை எடுத்தவள், என்ன தோன்றியதோ, தங்கள் விளக்கின்மேல் அதை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் அடியிலிருந்த இலையின் ஓரம் தெரிந்தது. வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தாள். தங்களுடையது முந்நூறு மில்லிமீட்டர். நகல் இருநூற்றுத் தொண்ணூற்று ஐந்தரை.

இரண்டையும் தூக்கிக்கொண்டு பட்டறை நடுவில் போய் நின்றாள். முதலாளியைக் கூப்பிட்டாள்.

“பித்தளை ஆறினா சுருங்கும் சார். அதுக்குன்னு கூட்டித்தான் என் ஃபைல்ல முந்நூத்தி நாலரை போட்டுக்கீறேன். ஃபைலு போயிருந்தா, காப்பி அடிச்சவன் ஊத்துனதும் முந்நூறு வந்துருக்கும். இது நாலரை கம்மியா கீது. நம்ம விளக்கு ஒண்ண கடையில காசு குடுத்து வாங்கி, அதையே மண்ணுல பதிச்சு ஊத்திக்கீறான். அதான் மறுபடியும் சுருங்கிக்கீது.”

ஜானகிராமன் வெர்னியரை வாங்கித் தானே அளந்தார். இரண்டு தடவை அளந்தார். “அரம் போட்டுத் தேய்ச்சதுல போயிருக்காதா?”

“அரை மில்லி போவும் சார். நாலரை போவாது. அண்ணாத்தேயக் கேளுங்க.”

எல்லாரும் திருவேங்கடத்தைப் பார்த்தார்கள். அவர் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார்.

“சின்னதுன்னு தெரிஞ்சுதா இல்லியா அண்ணாத்தே?”

“தெரிஞ்சுது.”

“எப்ப?”

சல்லடை நின்றது. “கையில எடுத்ததுமே.”

முதலாளி செருமினார். “சரி சரி, விடும்மா. போய் வேலையைப் பாரு.” மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

ஜெபிஷா நகலைத் திருவேங்கடத்தின் மண்மேட்டில் வைத்தாள்.

“நான் பூடுவேன்னு பாத்தியா? போமாட்டேன். நீ ரிட்டையர் ஆவுற வரைக்கும் தெனம் காலைல என் மூஞ்சிலதான் முழிக்கணும்.”

மறுநாள் எட்டரை மணிக்கே வந்துவிட்டாள். பட்டறை வாசலின் இரும்புப் படியில் வேண்டுமென்றே செருப்புச் சத்தம் கேட்க ஓங்கி மிதித்து ஏறினாள். திருவேங்கடம் நிமிரவில்லை.