விரல்களைத் தேய்த்த நாள்

மஸ்டரிங் கெடு முடியும் நாளுக்கு முந்தின மாலை, கடைக் கணினியில் புதிய வைரஸ் தடுப்பு மென்பொருளைப் போட்டேன். யாரோ கொண்டுவந்த பென்டிரைவ் ஒன்று கோப்புகளையெல்லாம் நாசமாக்கியிருந்தது. வண்டிப்பெரியாரில் என் சேவை மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள். உயிரோடு இருப்பதை ஆண்டுக்கொரு முறை கைரேகை வைத்துக் காட்டினால்தான் பென்ஷன் தொடரும். அதுதான் மஸ்டரிங்.

மறுநாள் காலை முதலில் உட்கார்ந்தது, எஸ்டேட்டின் மேல் டிவிஷன் லய வீட்டிலிருந்து ஜீப் பிடித்து வந்த ஓர் அம்மா. காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். இப்போது ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். கைரேகைக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெருவிரலை வைத்தார். மீண்டும் முயலவும் என்றது திரை.

எங்களில் யாருக்கும் இதில் வியப்பில்லை. கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்து கறை ஏறியிருக்கும். அதற்காகவே மேசையில் அறுத்த எலுமிச்சையும் ஈரத்துணியும் வைத்திருப்பேன். வரிசையில் நின்றவர்களிடமும் வைத்தியத்துக்குக் குறைவில்லை.

“தேங்கா எண்ணெ தடவுக்கா.”

“எண்ணெ வச்சா வழுக்கும்டி. கொழாயடிக் கல்லுல நல்லா தேய்க்கச் சொல்லு.”

தேய்த்துவிட்டு வந்தார். ரேகை விழவில்லை. அடுத்தவருக்கும் விழவில்லை, அதற்கடுத்தவருக்கும் இல்லை. எல்லோரையும் குழாயடிக்கு அனுப்பினேன். மதியத்துக்குள் என் மேசையைவிடக் குழாயடியில் கூட்டம் அதிகம்.

“சாரே, நீங்க என்ன கொழுந்தா கிள்ளுனீங்க? உங்க வெரல வைங்க, பாப்போம்!” என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். வைத்தேன். மீண்டும் முயலவும். சிரிப்பு நின்றது.

பிறகுதான் கருவியைச் சந்தேகித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். வயரை மாற்றினேன், வேறு துளையில் செருகினேன், கணினியை அணைத்துப் போட்டேன். உதவி எண்ணுக்கு அழைத்து நெடுநேரம் பாட்டுக் கேட்டபின் ஒரு குரல் கேட்டது: “விரல் சுத்தமா இருக்கா சார்?” போனை வைத்துவிட்டேன்.

கடைசியாக, முந்தின மாலை போட்ட மென்பொருளைத் திறந்து அது எதையெல்லாம் தடுத்திருக்கிறது என்று பார்த்தேன். அறியாத சாதனம் என்று கைரேகைக் கருவியை நிறுத்திவைத்திருந்தது. வயர் வழியாக மின்சாரம் கிடைத்ததால் விளக்கு மட்டும் எரிந்திருக்கிறது. ஒரு ரேகையும் உள்ளே போகவில்லை. அனுமதி கொடுத்தேன். என் ரேகை உடனே விழுந்தது.

அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். இப்போது கருவி சரி, விரல்தான் சரியில்லை. பெருவிரல் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னேன். ஆட்காட்டி விரலும் அப்படியே. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக இடது மோதிர விரலில் விழுந்தது.

ரசீதை நீட்டினேன். வாங்காமல் விரல்களை ஊதிக்கொண்டிருந்தார்.

“மிஷினு கோளாறுன்னு காலையிலயே சொல்லியிருந்தா நான் எதுக்கு இப்பிடித் தேய்க்கப் போறேன், சாரே? நாளைக்கு ஏலக்கா எடுக்கணும். எரியுமே.”

ரசீதை மடித்து அவர் பையில் நானே வைத்தேன். அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். அவருடைய பெருவிரலும் சிவந்திருந்தது.