பிள்ளைக்காம்பராவில் ஒரு வானொலி

இலங்கையின் கந்தப்பளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா காளியாயி. அழுகையைக் கேட்டே இது பசி, இது காதுவலி என்று சொல்லிவிடுவாள்.

தோட்டத்தை நடத்தும் துரைக்கு அந்த அழுகை பிடிக்காது. 1959இல் தன் பழைய பேட்டரி வானொலியை அங்கே கொண்டுவந்து வைக்கச் சொன்னார். பாட்டு ஆரம்பித்ததும் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். காளியாயிக்குப் பெருமை தாங்கவில்லை. நாள் முழுக்கப் பாடவிட்டாள்.

ஒருநாள் பத்து மணிக்குப் பால் கொடுக்க மூக்காயி ஓடிவந்தாள். அவள் மகன் இரண்டு வாய் குடித்துவிட்டு, பாட்டு வந்த பக்கம் திரும்பிக்கொண்டான். முகத்தைத் திருப்பத் திருப்ப அங்கேயே பார்த்தான். அதற்குள் பால் கொடுக்க விட்ட நேரம் முடிந்துவிட்டது.

"நாலு நாளா இப்படித்தான் ஆயா" என்றாள் மூக்காயி. பால் கட்டி, ரவிக்கை நனைய மலையேறிப் போனாள்.

காளியாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று வேலை விட்டதும் வானொலியைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

"என்ன ஆயா, பழுதாப் போச்சா?" என்றார் கிளாக்கர்.

"நல்லாத்தான் பாடுதுங்க ஐயா. அதான் கொண்டாந்துட்டேன். எம்புள்ளைங்க அழுவட்டும்."