செந்தில்நாதன் செய்யாத அறுபத்து மூன்று அறுவைகள்

டாக்டர் பூங்குழலி இரண்டு ஆண்டுகளில் அறுபத்து மூன்று பேருக்குக் குடலிறக்க அறுவை செய்திருந்தாள். பதிவேட்டின்படி அவள் ஒன்றுகூடச் செய்யவில்லை.

சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரி. பெயர் வேண்டாம், எல்லாரும் தங்கள் கல்லூரி என்றே நினைத்துக்கொள்ளட்டும். அங்கே அறுவைத் துறைக்குப் பேராசிரியர் செந்தில்நாதன் தலைவர், பக்கத்து மலைமேல் குண்டூர் நாட்டில் பிறந்த பூங்குழலி உதவிப் பேராசிரியர். துறையின் வழக்கம் எளிமையானது. கத்தியை யார் பிடித்தாலும் 'அறுவை செய்தவர்' என்ற கட்டத்தில் தலைவர் பெயர். உழைத்தவர் பெயர் 'உடனிருந்தவர்' கட்டத்தில். தலைவர் ஊரில் இல்லாவிட்டாலும் இதில் மாற்றமில்லை. ஒருமுறை அவர் சிங்கப்பூர் மாநாட்டில் உரையாற்றிக்கொண்டே இங்கே மூன்று குடல்வால்களை அகற்றியிருக்கிறார்.

மலைமேல் இலவச முகாம் என்றால் அவருக்கு உயிர். மலைப்பாதையின் எழுபது வளைவுகளும் ஏறி வருவார், விளக்கேற்றுவார், சால்வையை வாங்கிக்கொள்வார். பச்சை உடுப்பு மாட்டி அறுவை அரங்கின் வாசலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் மலை இறங்கிவிடுவார். மிச்சமிருப்பது நோயாளிகள்தான். அவர்களைப் பூங்குழலி பார்த்துக்கொள்வாள். இப்படி ஏழு முகாம்கள் முடிந்ததும், மலை விவசாயிகளின் குடலிறக்கத்தைத் 'தனியொரு நிபுணராக' சரிசெய்த அனுபவம் பற்றி அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதத் தொடங்கினார். அந்தத் தனியொருவர் அவரே.

பூங்குழலிக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. வெளியூரில் லேப்ராஸ்கோப்பி உயர்பயிற்சிக்கு ஓர் இடம் இருந்தது. ஐம்பது அறுவைகளைத் தனித்துச் செய்ததாகத் துறைத்தலைவர் எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

"ஐம்பதா? எங்கம்மா செஞ்ச? ரிஜிஸ்டர்ல காட்டு பாக்கலாம்" என்றார் செந்தில்நாதன்.

"சார், முகாம்ல ஆபரேஷன் நடக்கறப்போ நீங்க மலையிலயே இல்லீங்களே."

"உடம்பால இல்ல. நான் சொல்லிக் குடுத்தது அங்க இருந்துச்சில்ல? உன் கை என் கைம்மா. கைக்குத் தனியா யாராவது சர்டிபிகேட் குடுப்பாங்களா?"

செந்தில்நாதன் இளம் டாக்டராக இருந்தபோது, அவருடைய துறைத்தலைவர் நான்கு வருடம் அவருக்குக் கத்தியையே கண்ணில் காட்டவில்லையாம். அந்த மனிதர் போய்ச் சேர்ந்து பத்து வருடமாயிற்று. வஞ்சத்தைத் தீர்க்க ஆள் கிடைக்காமல், இவர் தனக்குக் கீழே இருப்பவர்களிடம் தீர்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஒரு நோட்டீஸ் வந்தது. கடைசி முகாமில் அறுவை செய்துகொண்ட காளியண்ணனுக்குத் தையல் போட்ட இடம் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அவருடைய மருமகன் அர்த்தனாரி கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டான். பதிவேட்டில் அறுவை செய்தவர்: பேராசிரியர் செந்தில்நாதன். வியாழக்கிழமை சேந்தமங்கலம் தாலுகா ஆபீசில் விசாரணை.

சிங்கப்பூரில் இருந்தபடி இங்கே அறுத்தவர், இப்போது இங்கேயே இல்லை என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். புற்றுக்கட்டியை எடுப்பவர்கள் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்தே வெட்டுவார்கள். மிச்சம் வைத்தால் மறுபடி முளைக்கும் என்ற பயம். பேராசிரியரும் அப்படித்தான் எழுதினார். காளியண்ணனோடு நிறுத்தினால் நாளை இன்னொருவன் மனு போடமாட்டான் என்பது என்ன நிச்சயம்? 'மலை முகாம்கள் ஏழிலும் நான் அறுவை அரங்கினுள் இருந்ததில்லை. அறுபத்து மூன்று அறுவைகளையும் டாக்டர் பூங்குழலியே தனித்துச் செய்தார்.' கையெழுத்து, தேதி, முத்திரை.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி ராஜாமணி அம்மையார் அதை வாங்கி உரக்கப் படித்து ஃபைலில் கோத்தார். பூங்குழலிக்கு உயர்பயிற்சி போகட்டும், இருக்கிற வேலையும் போய்விடும்போல் இருந்தது. அதிகாரி காளியண்ணன் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, உங்களுக்கு ஆபரேஷன் பண்ணது யாரு?"

"இந்தப் புள்ளதானுங்க. இடுப்புக்குக் கீழதான் மரத்துப் போச்சு, காது நல்லாத்தான் கேட்டுச்சு. தையல் போட்டுக்கிட்டே, 'மாமா, ரெண்டு மாசத்துக்கு மரம் ஏறப்படாது'ன்னு சொல்லிச்சு."

"அப்புறம் எப்படி வீங்குச்சு?"

காளியண்ணன் மருமகனைப் பார்த்தார். மருமகன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.

"மொளகு பழுத்துப் போச்சுங்க. உட்டா குருவி தின்னு போடும். நாலாம் நாளு ஏறிட்டேன்."

"மனுவுல அது இல்லையே?"

"மனு எழுதுனவன் மரத்தடியில சாக்கு புடிச்சுக்கிட்டு நின்னவன்தானுங்க. அவன் எப்படி எழுதுவான்?"

பூங்குழலிக்குப் பொறுக்கவில்லை. "உங்களத் தைச்சதுக்குப் பதிலா கட்டிலோட கட்டிப் போட்டிருக்கோணும் மாமா."

"கோவிச்சுக்காத கண்ணு. நீ தைச்சது ஒண்ணும் பிரியல பாரு, வீங்கத்தான் செஞ்சுச்சு."

அறுவையில் குறை இல்லை என்று அம்மையார் எழுதி முடிக்கும்வரை செந்தில்நாதன் காத்திருந்தார். பழி விலகியதும் அவருக்குப் பழைய ஞாபகங்கள் திரும்பின.

"மேடம், அந்த வாக்குமூலத்துல ஒரு சின்னத் திருத்தம். நானும் அங்க இருந்தேன்."

"அரங்குக்குள்ளயா சார்?"

"கொள்கையளவுல."

"கொள்கையளவுல தையல் போட முடியுங்களா சார்?" என்று கேட்டு, அம்மையார் ஃபைலைக் கட்டினார்.

சான்றிட்ட நகல் கேட்டுப் பூங்குழலி அப்போதே எழுதிக் கொடுத்தாள். வாக்குமூலம் அவளைப் பற்றியது என்பதால் அரை மணி நேரத்தில் கிடைத்தது. படியிறங்கும்போது செந்தில்நாதன் வழி மறித்தார்.

"அதைக் குடும்மா. எல்லாத்தையும் மறந்துடலாம். உனக்கு வேற நல்லதா ஒண்ணு எழுதித் தர்றேன்."

"இதைவிட நல்லதா யாராலயும் எழுத முடியாதுங்க சார்."

"என் கட்டுரை என்னாகும்?"

"ஒரிஜினல் ஃபைல்லதான் இருக்கு. மனு போடுங்க சார், முப்பது நாள்ல உங்களுக்கும் ஒரு காப்பி தருவாங்க."

பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குள் அவள் நுழைந்தாள். உயர்பயிற்சி விண்ணப்பத்தோடு நகலின் இரண்டு பக்கங்களையும் ஏற்றச் சொன்னாள். முத்திரை தெளிவாக விழ வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.