ஒரே குனிவில் இரண்டு வேலை

என் நாத்தனாருக்கு நிமிர்ந்து நிற்கவே தெரியாது. பெண் பார்க்க வந்தவனை உட்காரவைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் விட்டு வருகிறேன் என்று போனவள், அவன் கிளம்பிப் போன பிறகுதான் திரும்பினாள் என்பது எங்கள் வீட்டில் பழைய கதை. இப்போது வயது ஐம்பது தாண்டிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுத் தோட்டங்கள் அவள் கையில்தான். தெருவில் ரோஜாக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். வாயிலும் கொஞ்சம் முள் உண்டு.

"என் ரோஜாப் பக்கம் நாய அவுத்து விட்டீங்கன்னா நான் வேலைக்கு வர மாட்டேன்" என்று நாய் இருக்கிற வீடுகளில் எல்லாம் சட்டம் போட்டிருந்தாள். பாத்தியைக் கிளறிவிடும் என்ற கோபம். அவள் வளர்க்கிற மூக்கிக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் அவள் கட்டிலில் பாதி அதற்குத்தான். மூக்கி போட்ட ஒரே குட்டியைத் தெருமுனைத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. நாய்க்குட்டிக்கு இவ்வளவு அழிச்சாட்டியமா என்று நான்கூடக் கேட்டேன்.

இடுப்பு வலி வந்த பிறகு அவள் வேலையில் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தாள். ரோஜாவுக்கு எலும்புத் தூள் உரம் வைக்க வேண்டும். மழைக்காலமானால், தளிரைத் தின்கிற நத்தைக்கு நீலக் குருணை மருந்தும் போட வேண்டும். எதற்கு இரண்டு தடவை குனிவானேன் என்று இரண்டையும் ஒரே வாளியில் கலந்து வேரடியில் போட்டு மண்ணைத் தள்ளிக்கொண்டே போனாள். ஊரார் வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஒருநாள் பிற்பகல் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து, "அண்ணி, கொஞ்சம் வாங்களேன்" என்று குரல் வந்தது. அவள் எப்போதும் கத்திக் கூப்பிடுகிறவள். அந்த மெதுவான குரலைக் கேட்டதுமே துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மூக்கி ஒருக்களித்துக் கிடந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. எச்சில் நூலாக ஒழுகியது, மூக்கெல்லாம் மண். தொட்டால் இஸ்திரிப் பெட்டியாகச் சுட்டது. ரோஜாப் பாத்தி தோண்டிப் போட்டபடி இருந்தது.

"உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெப்போமா?" என்றேன். மிருக டாக்டருக்கு நானே போன் செய்தேன். "நடுங்கும்போது வாயில எதையும் ஊத்தாதீங்க. உடனே கொண்டு வாங்க. என்ன சாப்பிட்டுச்சோ அதையும் எடுத்துட்டு வாங்க" என்றார் அந்த அம்மா.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் போனோம். மூக்கி என் மடியில், வாளி அவள் மடியில். காரின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நாய் விறைத்தது. செத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன்.

டாக்டர் ஊசி போட்டார், காலில் குழாய் செருகி மருந்து ஏற்றினார், ஈரத்துணியால் சுற்றினார். நடுக்கம் சற்று அடங்கிய பிறகு வாளிக்குள் பார்த்தார்.

"நத்தை மருந்து தெரியுது. கூட இருக்கிற தூள் என்ன?"

"எலும்புத் தூளு. உரம்" என்றாள் நாத்தனார்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எலும்பு வாசனை காட்டி விஷத்த வெச்சிருக்கீங்க. எந்த நாய்தான் விடும்? வேற எங்கயாவது போட்டீங்களா?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். "காலையில தையல்காரம்மா வீட்டுல போட்டேன், அண்ணி."

என் போனில் ஸ்பீக்கரைப் போட்டுக் கூப்பிட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். தையல் இயந்திரச் சத்தம் நின்றது. "குட்டியா? மத்தியானத்துலேர்ந்து அசையாம தூங்குது. ஏன்?" என்றாள் தையல்காரம்மா.

நாத்தனார் போனைப் பிடுங்கினாள். "எழுப்புங்க."

"பாவம், தூங்கட்டுமே."

"எழுப்புங்கம்மா."

செருப்புச் சத்தம் போனது. கதவு திறந்தது. "டேய், எந்திரிடா" என்றது குரல். ஒன்றும் கேட்கவில்லை. "டேய்" என்றது மறுபடியும். பிறகுதான், தூக்கம் கெட்ட எரிச்சலில், சின்னதாக ஒரு குரைப்பு.

"நல்லாத்தான் இருக்கு. காலையிலேர்ந்து கட்டித்தான் போட்டிருக்கேன். நீங்கதானே சொன்னீங்க, ரோஜாப் பக்கம் நாய விட்டா வேலைக்கு வர மாட்டேன்னு?"

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஊருக்குத்தான் உபதேசம், அண்ணி" என்று சொல்லி அழுதாள்.

மூக்கியை டாக்டரிடம் விட்டுவிட்டு, அங்கிருந்து நேராக வீடு வீடாகப் போய், மருந்து கலந்த மண்ணையெல்லாம் சுரண்டி எடுத்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டேன். மூக்கி மறுநாள் கண் திறந்தது. மூன்றாம் நாள் எழுந்து நின்றது.

இப்போது நத்தை மருந்து வாங்குவதே இல்லை. மழை விட்டதும் நத்தைகளைக் கையால் பொறுக்குகிறாள். ஒரு நத்தைக்கு ஒரு குனிவு. இடுப்பு என்னாவது என்று கேட்டால் காதில் வாங்குவதில்லை. மூக்கியும் கூடவே போகிறது. அதன் கயிற்றின் மறுமுனையை அந்த இடுப்பில்தான் கட்டியிருக்கிறாள்.