பூஜையில் வைத்த பத்தாம் நம்பர் ஸ்பேனர்

எங்கள் வீட்டு வேனில் என்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. அப்படி ஒரு வண்டியைச் செய்தவன் அதை ஒருநாளும் ரிப்பேர் பார்த்திருக்கமாட்டான். என்னைவிட நாலு வயது மூத்த வண்டி அது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டுவதற்குள் கொதித்து நின்றுகொண்டிருந்தது.

தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று சொல்லி அப்பா புதிது வாங்கிவந்தார். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அதை மாட்டுவதற்குச் சீட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டரை நகர்த்தி, இரண்டு போல்ட்டைக் கழற்றவேண்டும். ஒன்று கண்ணுக்குத் தெரியும். மற்றது எங்கே என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். "பூஜையன்னிக்கு காலைல மாட்டிடறேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம்தான் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, சவூதிக்குக் கிளம்பினார். இனி மூன்று வருஷம் கழித்துத்தான் வருவார். பீர்க்கன்கரணையிலிருந்து அவரையும் பெட்டிகளையும் எங்கள் வேனில் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. "இத்த காயலான் கடைக்காரனே வாங்கமாட்டான்" என்று மாமா வேனைக் கிண்டல் செய்ததிலிருந்து அப்பா அவரிடம் பேசுவதில்லை. அம்மா ஒரு மாசம் கெஞ்சியபிறகுதான் தலையாட்டினார்.

பூஜையன்று அப்பா குளித்துவிட்டு முதல் வேலையாக ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் சாமி படத்தின் முன் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூஜை முடிந்து வேன் சீட்டைத் தூக்கியபோதுதான் விஷயம் எங்களுக்கு உறைத்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. பக்கத்து வீட்டில் கேட்டால் அவர்கள் ஸ்பேனருக்கும் பொட்டு. மெக்கானிக் ஷாப்பில் வாசலில் பூசணிக்காயை உடைத்துவிட்டு ஷட்டரை இறக்கியிருந்தார்கள்.

அப்பா வெறுங்கையால் துழாவினார். கை நுழையவே இல்லை. பத்து வயதில் என் கை குச்சி மாதிரி இருக்கும். நான் விட்டதும் அந்த இரண்டாவது போல்ட் விரலில் தட்டுப்பட்டது. சந்தோஷத்தில் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுக்க ஓடினேன். முதல் தடவையாக அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார்.

"ஏங்க, சாமி கோச்சுக்கினா நான் பாத்துக்கறேன். எடுங்க" என்றாள் அம்மா.

"பூஜைல வெச்சது. விளையாடாத. அரை மணி நேரம் இரு, எதனா பண்றேன்."

அந்த அரை மணி நேரம் நாலு மணிவரை நீண்டது. ஸ்பூனை வைத்து நெம்பினார், துணியைச் சுற்றித் திருகினார், டீ கேட்டார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. மாமா போன் பண்ணும்போதெல்லாம் அம்மா "வந்துகினே இருக்கோம்டா" என்றாள். கடைசியில் அவர் டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். அம்மா மாமாவுக்காகச் செய்துவைத்திருந்த பருப்புப்பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியாகத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடினாள். திரிசூலத்தில் இறங்கி ஏர்போர்ட்டுக்குப் போய்ச்சேர்வதற்குள் மாமா உள்ளே போய்விட்டிருந்தார். டப்பா வீட்டுக்கே திரும்பி வந்தது.

மறுநாள் காலை அப்பா ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றி எடுத்தார். முழங்கையை ஒரு பக்கமாக வளைத்து உள்ளே விட்டார். முந்தின நாள் நுழையாத கை அழகாக நுழைந்தது. கால் மணி நேரத்தில் புதிய தெர்மோஸ்டாட் உட்கார்ந்துவிட்டது. அம்மா வாசலில் நின்று முழுசும் பார்த்தாள்.

கோயில் பக்கமே போகாத அப்பாவுக்குச் சாமி மேல் இத்தனை பயமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அதை அம்மாவிடமே போய்ச் சொன்னேன் வேறு.