பதினாலாம் தேதி, நெடுங்காட்டூர்

தீர்த்தம்மாளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஊர்களில் முக்கால்வாசியை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. இண்டூரைத் தாண்டி இரண்டு மைலில் அவள் ஊர். அங்கிருந்து தருமபுரி புளி மண்டிக்கு வேலைக்குப் போய் வருவாள். ஒரு கல்யாணத்துக்காக ஒரே ஒருமுறை ஒகேனக்கல் வரை போயிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் பார்த்த உலகம். ஆனால் தினமும் விடியற்காலையில் வாசல் தெளித்து முடித்து, அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால் சுவரைப் பார்த்து முழங்காலில் நின்றால், அவள் வாயிலிருந்து வரிசையாக ஊர்கள் வரும்.

எல்லாம் ஓர் அட்டையிலிருந்து வந்தவை. 1962 ஜனவரியில் பைபிள் அம்மா கொடுத்த அட்டை அது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பதற்காகச் சபை அனுப்பிய பெண்மணியை ஊரில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தீர்த்தம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அந்த அம்மாதான். வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலிக்கன் சபையும் வேறு சில சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையாகிப் பதினைந்து வருஷமாகியிருந்தது. அட்டையில் முப்பத்தொரு தேதிகள். தேதிக்கு ஒரு குருசேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள ஊர், அதன் போதகர் பெயர், துணைவியார், பிள்ளைகள் எத்தனை பேர் என்ற குறிப்பு. கடைசித் தேதியில் உலகமெங்கும் உள்ள ஆங்கிலிக்கன் சபைகள், கேன்டர்பரி பேராயர். இங்கிலாந்தில் உள்ள அந்தக் கேன்டர்பரி பெங்களூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருப்பதாக அவள் வெகுநாள் நினைத்திருந்தாள்.

பதினாலாம் தேதிக்கு நெடுங்காட்டூர். அருள்திரு ஞானராஜ், துணைவியார், இரண்டு பிள்ளைகள். பைபிள் அம்மா முன்பு அந்த ஊரில் வேலை செய்தவர். பெரியது பெண், எட்டு வயது, அடுத்தது பையன், ஐந்து வயது என்று அவர் சொல்லியிருந்தார். அடுத்த மாதமே அவருக்கு ஈரோட்டுப் பக்கம் மாற்றலாகிவிட்டது. பிறகு எந்தத் தகவலும் இல்லை. அட்டை மட்டும் தீர்த்தம்மாளிடம் தங்கிவிட்டது.

அவளுக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். அதனாலோ என்னவோ, பார்த்திராத அந்தப் பெண் குழந்தை மேல் ஒரு பிடிப்பு. வருஷம் ஏற ஏற அதன் வயதையும் ஏற்றிக்கொண்டே வந்தாள். அம்மை வார்த்த வருஷம் அதன் உடம்புக்காகக் கேட்டாள். பெரிய பரீட்சை எழுதும் வயது வந்ததும் கணக்கில் தேற வேண்டுமென்று கேட்டாள். பையன் ஆற்றுப் பக்கம் போகக் கூடாது, கெட்ட சேர்க்கை கூடாது என்று கேட்டாள். மண்டியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் உட்காரும் லூர்துமேரி ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். இன்றைக்கு எந்த ஊரக்கா என்று தினமும் கேட்பாள். தேதி மறந்தவர்கள்கூட தீர்த்தம்மாளைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

தங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை வந்துபோகும் போதகர் மாறினால், அந்தத் தேதியில் பெயரை மாற்றிச் சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்ற முப்பது தேதிகளிலும் ஆட்கள் மாறியிருப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அட்டையில் இருந்த பெயர்கள் அப்படியே இருந்தன. மனிதர்களும் அப்படியே இருப்பார்கள் என்று இருந்துவிட்டாள்.

1974 மார்ச் மாதத் தொடக்கம். புளி வரத்து மும்முரமாக இருந்தது. மண்டிக்காரர் முகம்மது கவுஸ் சேலத்துக் கிடங்குக்கு ஒரு லாரி புளி அனுப்பினார். அங்கே தரம் பிரிக்க மூன்று நாள் வேலைக்குப் பெண்கள் ஆறு பேர் கூடவே போனார்கள். தீர்த்தம்மாளும் லூர்துமேரியும் அதில் உண்டு. தொப்பூர் மலை இறக்கத்துக்கு முன்னால் டிரைவர் கிருஷ்ணப்பன் சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினார். மலையிறங்குவதற்கு முன் பிரேக்கைப் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். காலை பதினோரு மணி இருக்கும்.

கடைச் சுவரில் கனமான வடக்கயிறு ஒன்று சுருட்டித் தொங்கியது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தலை முழுக்க வெளுத்திருந்தது. கிருஷ்ணப்பன் அவரைப் பார்த்து, பாதர், கிளீனருக்கும் சேர்த்து எட்டு டீ என்றார். லூர்துமேரிக்கு அது வேடிக்கையாக இருந்தது. டீக்கடைக்காரரை ஏன் பாதர் என்கிறீர்கள் என்று கேட்டாள். கிருஷ்ணப்பன் குரலைத் தணித்துக்கொண்டு, நிஜமாகவே அவர் ஒரு காலத்தில் பாதிரியார்தான், பெண்டாட்டி பிள்ளை உள்ள பாதிரியார்கள் இருக்கிறார்களே, அந்தச் சபை, பெயர் ஞானராஜ் என்றார். லாரி எது கவிழ்ந்தாலும் முதலில் கயிற்றை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்குகிற ஆள் அவர்தான் என்றும் சொன்னார்.

தீர்த்தம்மாள் அதற்குள் எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி டீ மேசைக்கு நடந்தாள்.

“ஐயா, நெடுங்காட்டூர்ப் போதகர் ஐயருங்களா நீங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இருந்தேன். நீங்க எந்த ஊரும்மா?”

அவள் ஊரைச் சொன்னாள். அட்டையைப் பற்றிச் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாக ஒரு பதினாலாம் தேதிகூடத் தவறவிட்டதில்லை என்று சொன்னாள். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. போதகர் ஏன் டீக்கடையில் நிற்கிறார் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“பெரிய பாப்பாவுக்கு இப்ப இருவது இருக்குமுங்களே. போன மாசங்கூட நல்ல எடமா அமையணும்னு கேட்டனுங்க. கல்யாணம் ஆயிடுச்சுங்களா?”

அவர் கையில் பிடித்திருந்த குவளை சாய்ந்து, டீ மேசையெல்லாம் ஓடியது. அதைத் துடைக்கவில்லை. யாரோ வழி கேட்டு, அவர் வழி சொல்வது போன்ற குரலில் பேசினார்.

“அறுவத்தி மூணு மே மாசம் இந்த எறக்கத்துல ஒரு பஸ் கவுந்துச்சு. லீவுக்கு அவங்க ஆத்தா வூட்டுக்குப் போனாங்க, என் சம்சாரமும் ரெண்டு பிள்ளைங்களும். ஞாயித்துக்கெழம ஆராதனை இருக்குதுன்னு நான் பின்தங்கிட்டேன். மூணு பேரும் போயிட்டாங்கம்மா.”

பிறகு அவளை நேராகப் பார்த்துக் கேட்டார். “பதினோரு வருசமா யாருக்காகக் கேட்டீங்க?”

அந்த பஸ் தீர்த்தம்மாளுக்கு நினைவிருந்தது. தொப்பூரில் பஸ் கவிழ்ந்து பதினோரு பேர் செத்தார்கள் என்று மண்டியில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கும் அவள் ஜெபம் செய்தாள், அடிபட்டவர்களுக்காக. அடுத்த பதினாலாம் தேதி வழக்கம்போல அந்தப் பெண் குழந்தையின் உடம்புக்காகக் கேட்டாள். அப்போது அதைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. லூர்துமேரி வந்து தோளைப் பிடித்து லாரியில் ஏற்றும் வரை அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சேலத்தில் மூன்று நாளும் அவள் கை புளியைப் பிரித்தது. வாய் திறக்கவில்லை.

திரும்பி வந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போய் இளம் போதகரைப் பார்த்தாள். அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இதில் யாரெல்லாம் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் குறித்துக்கொண்டு வந்தார். ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். பலர் ஓய்வு பெற்றிருந்தார்கள். ஒருவர் வேறு சபைக்கே போய்விட்டார். அட்டையில் இருந்த இடத்தில் அப்படியே இருந்தவர் ஒருவர்கூட இல்லை. வருஷா வருஷம் புது அட்டை அச்சாகிறது, உங்களுக்கு யாரும் தரவே இல்லையா என்று கேட்டார். கேட்டுவிட்டு முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டார்.

ஞானராஜைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருந்ததை அவர் சொன்னார். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு ஞானராஜ் பிரசங்க பீடத்தில் ஏறி, புத்தகத்தைத் திறந்து வைத்து, வெகுநேரம் பேசாமல் நின்றாராம். பிறகு இறங்கி, நடுவழியாக நடந்து வெளியே போனவர் திரும்பவே இல்லை. சில கடிதங்கள் போயின. பதில் வரவில்லை. அதன் பிறகு யாரும் தேடவில்லை.

தீர்த்தம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அந்தப் பாப்பா கல்யாணத்துக்குக் கேட்டனுங்களே, ஐயா. அந்த ஜெபம் எங்க போயிருக்கும்?”

படித்தவர், நினைத்திருந்தால் ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் யோசித்துவிட்டு, “எனக்குத் தெரியலம்மா” என்றார்.

எட்டு நாள் அவளுக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்பாள். ஊர்ப் பெயர் தொண்டை வரை வந்து நிற்கும். இந்த ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தோன்றியதும் எழுந்துவிடுவாள். மண்டியில் அவள் உதடு அசையாமல் இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. தங்கள் கோயிலில் இறந்தவர்களுக்காக வருஷம் பூராவும் மன்றாடுகிறார்கள், அதனால் ஒன்றும் வீண்போகவில்லை என்று லூர்துமேரி ஆறுதல் சொன்னாள்.

“செத்தவங்கன்னு தெரிஞ்சு கேக்கறது வேற லூர்து. நான் இருக்காங்கன்னு கேட்டேன்” என்றாள் தீர்த்தம்மாள்.

பதினாலாம் தேதி வந்தது. அன்று அவள் மண்டிக்குப் போகவில்லை. சேலம் பஸ் ஏறித் தொப்பூரில் இறங்கினாள். கடையில் கூட்டமில்லை. அவளைப் பார்த்ததும் ஞானராஜ் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். அன்றைக்குக் கேட்ட கேள்வி தப்பு, மன்னிக்க வேண்டும் என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் நான் வந்தேன் என்று அவள் சொன்னாள்.

பாப்பாவுக்காக வேறு என்னவெல்லாம் கேட்டீர்கள் என்று அவர் கேட்டார். அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அம்மை வார்த்த வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் பாடம் கேட்பவர் போல நின்றார்.

“பெரிய பரீட்சைக்குக் கணக்குல பாஸாகணும்னு கேட்டனுங்க. கணக்கு எப்படி வருமோ, எனக்குத் தெரியாதுங்களே.”

“மோசம்” என்றார் ஞானராஜ். “மூணாங்கிளாஸ்லயே மோசம். வாய்ப்பாடு ஏழுக்கு மேல வராது.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் உடைந்தது. அவர் அப்படியே தரையில் குந்தி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பதினோரு வருஷமாக அந்தக் குழந்தையின் கணக்கைப் பற்றி அவரிடம் பேச ஓர் ஆள் இருந்ததில்லை. தீர்த்தம்மாள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்படியும் ஒரு மனிதரை அழ வைத்துவிட்டோமே என்று அவளுக்கு இருந்தது.

அப்புறம் அவர் பெயர்களைச் சொன்னார். பெண் புஷ்பமேரி. பையனுக்குத் தாத்தா பெயர், யாகப்பன். மனைவி ஞானமேரி. அட்டையில் இல்லாத பெயர்கள் அவை. பஸ்ஸுக்கு நேரமானபோது, இனிமேல் உங்களுக்கு என்ன கேட்கட்டும் என்று அவள் கேட்டாள்.

“திரும்பவும் என்னை பீடத்துல ஏத்தணும்னு மட்டும் கேக்காதீங்க. எறங்கற வண்டிக்கெல்லாம் பிரேக் பிடிக்கணும்னு கேளுங்க. அது போதும்.”

மறுநாள் காலை அவள் ஜெபத்தில் ஊர் திரும்ப வந்தது. இளம் போதகர் கொடுத்த புது அட்டையை வைத்துக்கொண்டு, தெரியாத பெயர்களைத் திக்கித் திக்கிச் சொன்னாள். ஒரு பெயரைச் சொன்னதும், நீங்க நல்லா இருக்கீங்களா என்று அந்த ஆளையே கேட்பது போல ஒரு கணம் நிறுத்துவது புதுப் பழக்கமாக ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் போதகரிடம் போய் நின்று புது அட்டை வாங்கினாள். பிள்ளைகளுடைய பெயரையும் அச்சடித்தால் என்ன என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். பதினாலாம் தேதிக்குப் புது அட்டையில் வேறு ஊர் வந்திருந்தது. அதை முடித்துவிட்டுத் தொப்பூர் இறக்கத்தையும் சொன்னாள்.

ஞானராஜ் கோயிலுக்குத் திரும்பவில்லை. இளம் போதகர் இரண்டுமுறை கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். கோயிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

1978 மழைக்காலத்தில் கவிழ்ந்த லாரியிலிருந்து கிளீனரை இழுத்துக்கொண்டு மேலே ஏறும்போது ஞானராஜ் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கிருஷ்ணப்பன்தான் மண்டிக்கு வந்து சொன்னார். தீர்த்தம்மாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டில் பக்கத்தில் நின்ற நர்ஸ், கூட இருக்கப்போகிறவர் பெயரை எழுத வேண்டும், நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வி வரும் என்று தீர்த்தம்மாள் நினைத்ததில்லை.

“எம் பிள்ளைங்கள வளத்தவங்க” என்றார் ஞானராஜ், கண்ணைத் திறக்காமல்.

நர்ஸ் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தீர்த்தம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். அவள் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்கக் கீழே இறங்கினாள்.