அமெரிக்காவின் மனசுக்கு நாங்கள் போட்ட எண்

எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஆறாவது மணியில் யாரோ எடுப்பார்கள். தூரத்தில் ஒரு நாய் குரைக்கும். ‘ஹலோ’ என்று ஒரு கிழவரின் குரல். ‘ஒரு கருத்துக்கணிப்புக்காக…’ என்று இந்தப் பக்கம் ஆரம்பித்ததுமே டொக்கென்று வைத்துவிடுவார். பல வருடங்களுக்கு முன் பயிற்சியின் முதல் நாள் எங்களுக்குப் போட்டுக்காட்டிய ஒலிப்பதிவு அது. ஊரார் மனசை அளக்கிற தொழிலில் முதலில் கேட்கக் கிடைப்பது போனை வைக்கிற சத்தம்தான். வினாத்தாளோடு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கும் ஹெட்போன் மாட்டிக் காது மடல் சிவந்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். கணவர் போன பிறகு வீட்டில் குரல் என்பதே இல்லாமல் போயிற்று. அதனால்தான் எங்கள் ஊரிலேயே, கதிர்காமத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த ஆபீசில் சேர்ந்தேன். அமெரிக்காவில் ஆட்கள் வாக்காளர்களுக்கு போன் போட்டுப் பேசுவார்கள். ஆம், இல்லை என்பதையெல்லாம் அங்கேயே கணினி எண்ணிவிடும். ‘ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு மக்கள் சொல்கிற பதில் மட்டும் ஒலிப்பதிவாக எங்களிடம் வரும். கேட்டு, அதற்கு ஓர் எண் போட வேண்டும். விலைவாசி என்றால் பதினொன்று. கட்சிப் பிடிப்பு முப்பது. ‘தெரியாது’ என்றால் தொண்ணூற்றெட்டு.

பக்கத்து நாற்காலியில் பிலோமினா. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் காதில் ஏறும். கணவர் படுத்த படுக்கை. அந்த வீடு ஓடியது அவள் சம்பளத்தில்தான்.

முதலில் எதைக் கேட்டார்கள்?

ஒரே வாரம், ஒரே மாநிலம், இரண்டு விதமான வினாத்தாள்கள். ஒன்றில் ஜனாதிபதியைப் பற்றி முதலில் கேட்டுவிட்டு, பிறகு கடையில் முட்டை விலையைக் கேட்டிருந்தார்கள். மற்றதில் முட்டை முதலில், ஜனாதிபதி பிறகு. முட்டையை முதலில் கேட்ட பதிவுகளில் மக்களின் குரலே மாறியிருந்தது. ஜனாதிபதியைக் காய்ச்சி எடுத்தார்கள். கேள்வியை வரிசை மாற்றி வைத்தாலே கருத்தும் மாறுமா என்று நான் அசந்துபோனேன்.

பிலோமினாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. “பெரிய மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு வெளிய வர்றப்ப எங்க வீட்டுக்காரரைப் பத்திக் கேட்டுப் பாருங்கக்கா, நானும் அப்படித்தான் சொல்லுவேன்.”

பலருக்காகப் பேசியவன்

இளைஞர்கள் போனை எடுப்பதில்லை. ஆகவே தப்பித்தவறி எடுக்கிற ஒருவனின் பதிலை, எடுக்காத மற்றவர்களுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கணக்கில் வைப்பார்கள். எங்கள் டீம் லீடர் ஆனந்த் இதைப் பலகையில் வரைந்து விளக்கினார். அன்று எங்களுக்கு வந்த பதிவில் அப்படி ஒரு பையன் மொறுமொறுவென்று எதையோ மென்றுகொண்டே நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினான். நான்கு முறை கேட்டும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

பிலோமினா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டாள். “அடப்பாவி, ஊருக்கே சேர்த்துப் பேசறவன் வாயில இருக்கறத முழுங்கிட்டாவது பேசக்கூடாதா?”

நீ என்ன போட்ட?

ஒவ்வொரு பதிவையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு எண் போட வேண்டும். இரண்டும் அடிக்கடி மாறினால் ஒருவர் காது சரியில்லை என்று அர்த்தம். பிலோமினாவின் எண்கள் என் எண்களோடு பலமுறை ஒத்துப்போகவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் வேலை இருக்காது என்று ஆனந்த் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது, வீட்டில் ரசத்துக்கு உப்பு பார்க்கச் சொல்வதுபோல் வெகு இயல்பாக நடந்தது. ‘நீ என்ன போட்ட?’ என்று மெல்லக் கேட்டுக்கொண்டோம். சில நாட்களில் மொத்த அறையும் கேட்டுக்கொண்டது. மாதக் கடைசியில் ஓர் எண்கூட மாறவில்லை. ஆனந்த் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அமெரிக்காவிலிருந்து கணிப்பை நடத்தும் அம்மாள் கணினித் திரையில் வந்தார். நரைத்த தலை, சிரிக்காத முகம். எங்களைப் புகழத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். ஓர் எண்கூட மாறாததைக் காட்டி, யார் யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றார். அறை முழுவதும் பிலோமினாவைப் பார்த்தது. அவள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்தேன். “முதலில் கேட்டவள் நான்” என்றேன். உண்மையும் அதுதான், இலக்கியம் படித்த எனக்கும் சந்தேகம் வரும், வெளியில் காட்டிக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

அந்த மாத வேலை முழுவதையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். இந்த முறை மேஜைகளுக்கு நடுவே அட்டைத் தடுப்பு. போகும்போது அவர் சொன்னது: “எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற இரண்டு பேர் எனக்கு ஒரே ஆள்தான்; நான் இரண்டு பேரைக் கேட்டிருந்தேன்.”

தொண்ணூற்றெட்டு

தடுப்புக்கு அந்தப் பக்கம் பிலோமினா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “இனிமே நான் போடறதெல்லாம் தப்பாப் போயிடுமேக்கா. என்னை அனுப்பிடுவாங்க.” “தப்பாவே போடு. உன்னோடதா இருக்கட்டும்” என்றேன். அதைவிட நல்ல ஆறுதல் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் ஒரு முதியவரின் பதிவு வந்தது. யாருக்கு ஓட்டு என்ற கேள்விக்கு, இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறார். ஏன் என்றதும் ஒரு நீண்ட மூச்சு. சுவர்க் கடிகாரம் ஓடுகிறது. ‘அதெல்லாம் என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள்’ என்கிறார். பிறகு போன் வைக்கப்படுகிறது. நான் தொண்ணூற்றெட்டு போட்டேன். நான், கணவர் படித்துக் காட்டிய செய்தித்தாளைத் தவிர வேறு அரசியல் அறியாதவள், அந்த மனிதருக்குத் ‘தெரியாது’ என்று போட்டேன்.

பிலோமினா எண் போடவில்லை. குறிப்புப் பெட்டியில், ‘இவருக்குக் கருத்து உண்டு. அது வீட்டில் இன்னொருவரோடு பேசிப் பேசி வந்தது. அந்த ஆள் இப்போது இல்லை. பட்டியலில் இதற்கு எண் இல்லை’ என்று தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். என் எண்ணுக்கு எதிரே அவள் இடம் காலி; மறுபடியும் ஒத்துப்போகவில்லை. ஆனந்த் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு நாள் அவள் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் அந்த அமெரிக்க அம்மாளிடமிருந்து பதில் வந்தது. தொண்ணூற்றெட்டில் போட்டதையெல்லாம் மறுபடி கேளுங்கள் என்று. கேட்டோம். ‘மகனைக் கேட்டால்தான் தெரியும்’, ‘நண்பர் செத்த பிறகு செய்தி பார்ப்பதில்லை’ என்று எத்தனையோ குரல்கள். தெரியாதவர்கள் என்று நாங்கள் ஒதுக்கிய கூட்டம் அது. அவர்களுக்குப் பட்டியலில் புதிதாக ஓர் எண் கொடுத்தார்கள்: முப்பத்தேழு. அந்த எண் பிறந்தது கதிர்காமத்தில், மருந்துக்கடை மாடியில். அதை நினைத்தால் இன்றும் என் முதுகு நிமிரும்.

எனக்குக் கேட்காதது உனக்கு எப்படியடி கேட்டது என்று கேட்டேன். “எனக்கு இங்கிலீஷ் பாதிதான்க்கா புரிஞ்சுது, மீதிக்கு அந்தாளு மூச்சு விட்டதே போதும்.”

ஒரு தேசத்தின் மனசுக்கே எண் போட்ட என்னை, என் முத்தியால்பேட்டை வீட்டில் இதுவரை யாரும் கதவைத் தட்டி ‘நீங்க என்ன நினைக்கறீங்க’ என்று கேட்டதில்லை; பிலோமினா இப்போது அதே மாடியில், ஆனந்த் உட்கார்ந்திருந்த டீம் லீடர் நாற்காலியில் இருக்கிறாள்.